கண்ணாடி வீட்டு டாக்டர்

தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி ஜன்னல் வைத்த வீடு பலருக்குக் கனவு. சிகாகோ டாக்டர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு அது நனவானது.

இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிளானோ என்ற ஊரின் ஆற்றங்கரையில், மீஸ் வான் டெர் ரோ என்ற கட்டடக் கலைஞர் 1951-இல் அவருக்கு ஓர் ஓய்வு வீடு கட்டி முடித்தார். நான்கு பக்கமும் சுவருக்குப் பதில் கண்ணாடி. கதவை விட்டால் திறக்க முடிந்தது இரண்டு சின்ன ஜன்னல்கள் மட்டுமே! கோடையில் உள்ளே வெக்கை. குளிர்காலத்தில் கண்ணாடியில் நீர் கோர்த்துக்கொள்ளும். வேடிக்கை பார்க்க வருபவர்கள் வேறு. செலவு மதிப்பீட்டைத் தாண்ட, இருவரும் கோர்ட்டுக்கே போனார்கள். 1972-இல் எடித் வீட்டை விற்றுவிட்டார்.

இன்று அது புகழ்பெற்ற அருங்காட்சியகம். பார்க்க அழகுதான். ஆனால் ஜன்னல் வழியே வெளியிலிருந்தும் பார்க்கலாமே! பெரிய ஜன்னல் வைக்கும் நண்பர்களே, திரைக்கும் காற்றுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.