கொட்டிலில் பிறந்த கேள்வி: மெடாவர் ஆய்வகமும் பர்னெட்டின் ஒரு வாக்கியமும்

1960இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசை மக்ஃபர்லேன் பர்னெட்டும் பீட்டர் மெடாவரும் பகிர்ந்துகொண்டார்கள். அன்றுமுதல் உறுப்பு மாற்று நோயெதிர்ப்பியலின் தோற்றக்கதை நேர்கோடாகவே சொல்லப்பட்டு வருகிறது: மெல்பர்னில் பர்னெட் முன்னுரைத்தார், லண்டனில் மெடாவர் குழு மெய்ப்பித்தது. இந்தக் கோட்டைப் பாடநூல்கள் தடிமனாகவே வரைந்திருக்கின்றன. பர்னெட் அதை மெல்லியதாக வரைந்தார். அயல் திசுவை உடல் தள்ளாமல் ஏற்கும் சகிப்பைக் கண்டறிந்ததில் தன் பங்கு மிகச் சிறியது என்றும், சோதனையை வேண்டி நின்ற ஒரு கருதுகோளை வகுத்ததே அது என்றும் அவர் நோபெல் உரையில் சொன்னார். அடக்கம் நிரம்பிய கூற்று. அதனால்தானோ என்னவோ, அதை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. கருதுகோள் முந்தியது, சோதனை பிந்தியது என்ற வரிசையை அந்த அடக்கமே சத்தமில்லாமல் நிலைநாட்டிவிடுகிறது. நான் மறுப்பது அந்த வரிசையை.

பர்னெட்டும் ஃபிராங்க் ஃபென்னரும் 1949இல் வெளியிட்ட நூலின் வாதம் தெரிந்ததே. தன்னுடையது எது, அயலானது எது என்பதைக் கருப்பருவத்தில் உடல் கற்றுக்கொள்கிறது. அந்தக் காலத்துக்குள் நுழைந்துவிடும் அயல் உயிரணுவை அது பின்னாளில் தன்னுடையதாகவே நடத்தும். இந்தக் கருதுகோள் சோதனையை வேண்டி நின்றது என்றால், அந்த அழைப்பை முதலில் ஏற்றவர் பர்னெட்தான். ஸ்டோன், எட்னி ஆகியோருடன் சேர்ந்து கோழிக்கருவில் அயற்பொருளைச் செலுத்தி, வளர்ந்த பறவை அதைப் பொறுத்துக்கொள்கிறதா என்று பார்த்தார். பொறுத்துக்கொள்ளவில்லை. முடிவு 1950இல் அச்சேறியது. முன்னுரைத்தல், மெய்ப்பித்தல் என்ற கணக்கை உள்ளபடியே எழுதினால் இந்தக் கதை அங்கேயே, தோல்வியில், முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம், வேறோர் இடத்தில், வேறொரு தேவைக்காக, இன்னொரு வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

அந்த வேலை தொடங்கியது 1948இல், ஸ்டாக்ஹோமில் நடந்த மரபியல் மாநாட்டில். ஹியூ டொனால்ட் கால்நடை இனவிருத்தி ஆய்வாளர். இரட்டைக் கன்றுகளில் எவை ஒருகரு இரட்டையர், எவை இருகரு இரட்டையர் என்று பிரித்தறிவதில் அவருக்குச் சிக்கல் இருந்தது. அப்போது பர்மிங்ஹாமில் விலங்கியல் பேராசிரியராக இருந்த மெடாவர், இது கோட்பாட்டளவில் மிக எளிது என்றார்: தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தால் போதும், ஒருகரு இரட்டையர் ஏற்கும், இருகரு இரட்டையர் தள்ளும். போர்க்காலத்தில் கிளாஸ்கோவில் தாமஸ் கிப்சனோடு தீக்காய நோயாளி ஒருவருக்கு ஒட்டிய தோலைக் கூர்ந்து கவனித்தவர் அவர். அதே கொடையாளியின் தோலை இரண்டாம் முறை ஒட்டினால் அது முன்னதைவிட விரைவில் அழிகிறது என்று இருவரும் 1943இல் எழுதியிருந்தார்கள். அந்த அனுபவம் தந்த துணிச்சலில் சொன்ன வார்த்தை இது. டொனால்டோ, மாடுகளைத் தருகிறேன், ஒட்டிக் காட்டுங்கள் என்றார். சொன்ன வார்த்தைக்காக மெடாவரும் ரூபர்ட் பில்லிங்ஹாமும் கொட்டிலுக்குப் போனார்கள். ஸ்டாக்ஹோமில் அந்தப் பேச்சு நடந்தபோது பர்னெட்டின் நூல் வெளிவர இன்னும் ஓராண்டு இருந்தது.

விளைவு எதிர்பார்ப்பைப் புரட்டிப் போட்டது. இருகரு இரட்டையரிலும் பெரும்பாலானவை ஒன்றன் தோலை மற்றொன்று ஏற்றுக்கொண்டன. காளைக்கன்றும் கிடாரியும் சேர்ந்து பிறந்த ஈத்தில் ஒருகருவுக்கு வழியே இல்லை. அங்கும் ஏற்பு நடந்தது. வெவ்வேறு ஈத்தில் பிறந்த உடன்பிறப்புகளிடையே மட்டும் தோல் வழக்கம்போல் அழிந்தது. டொனால்டுக்கு வாக்களித்த சோதனைமுறை பயனற்றுப்போனது. கையில் மிஞ்சியது விளங்காத ஓர் உண்மை. அதற்கு விளக்கம் விஸ்கான்சினில் ரே ஓவன் 1945இல் வெளியிட்ட கட்டுரையில் இருந்தது. இரட்டைக் கன்றுகளின் நஞ்சுக்கொடிகளில் குருதிக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. அதனால் ஒவ்வொரு கன்றும் மற்றதன் குருதியணுக்களையும் ஆயுள் முழுக்கச் சுமக்கிறது. அந்தக் கட்டுரையை மெடாவர் குழு அறிந்தது பர்னெட்–ஃபென்னர் நூலின் வழியே என்பதுதான் ஏற்கப்பட்ட செய்தி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நூல் அவர்களுக்குக் கொடுத்தது ஏற்கெனவே கையில் இருந்த ஒரு புதிருக்கான விளக்கத்தை. சோதனைக்கான உந்துதல் அதற்கு முன்பே கொட்டிலில் கிடைத்துவிட்டது.

எனது சான்று எளியது. இரண்டு கட்டுரைகளின் முகப்பு. இரண்டும் 'ஹெரிடிட்டி' இதழில் வந்தவை. 1951ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பு, மாடுகளில் ஒருகரு, இருகரு இரட்டையரைப் பிரித்தறியத் தோல் ஒட்டைப் பயன்படுத்துவது பற்றியது. ஆசிரியர்கள் ஆண்டர்சன், பில்லிங்ஹாம், லாம்ப்கின், மெடாவர். 1952ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் அயல் ஒட்டைச் சகித்தல் முதலில் நிற்கிறது. இரட்டையரை அறிதல் இரண்டாவது. ஆண் கன்றோடு பிறந்து மலடாகும் கிடாரியின் நிலை மூன்றாவது. ஆசிரியர்கள் பில்லிங்ஹாம், லாம்ப்கின், மெடாவர், வில்லியம்ஸ். ஓராண்டு இடைவெளியில் பண்ணையின் கேள்வி பின்னுக்குப் போய், அதைக் குழப்பிய விளைவு முன்னுக்கு வந்திருக்கிறது. ஒரு கருதுகோளைச் சோதிக்கப் புறப்பட்டவர்களின் தடம் இப்படி இருக்காது. அவர்களுடைய முதல் தலைப்பிலேயே சகிப்பு இருந்திருக்கும். தலைப்பு என்பது ஆசிரியர் பிற்பாடு சூட்டும் பெயர், அது எண்ணத்தின் நாட்குறிப்பாகாது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் இரு தலைப்புகளும் ஒரே பண்ணை வேலையிலிருந்து பிறந்தவை. பொருள் மாறாமல் பெயர் மட்டும் மாறுகிறதென்றால், மாறியது ஆய்வாளரின் கண் என்றுதான் கொள்ள வேண்டும்.

பர்னெட்–ஃபென்னர் நூலை அவர்கள் எந்த மாதத்தில் படித்தார்கள் என்பதை என்னால் திட்டமாக நிறுவ முடியவில்லை. 1949க்கு முன்பு இல்லை என்பது ஒரு கரை. மெடாவர் குழுவின் சுண்டெலிச் சோதனைக் கட்டுரை வெளியான 1953 மறு கரை. இடைப்பட்ட இடத்தை எப்படிக் கூறுபோட்டாலும் மாடுகள் நூலுக்குப் பிந்தியவை என்று ஆகாது.

பிராகிலிருந்து வேறொரு சாட்சி வருகிறது. மிலான் ஹாஷெக் இரண்டு கோழிக்கருக்களின் குருதி ஓட்டத்தை இணைத்தார். பொரிந்து வளர்ந்த பறவைகள் ஒன்றன் குருதியணுவுக்கு எதிராக மற்றொன்று எதிர்ப்பொருள் உண்டாக்கவில்லை. இதுவும் 1953இல் வந்ததே. அவர் அதற்குத் தந்த விளக்கமோ மரபணுக் கோட்பாட்டை மறுத்த அன்றைய சோவியத் மிச்சூரின் உயிரியலைச் சார்ந்தது. பிழையான கோட்பாட்டின் நிழலில் நின்றும் அதே உண்மையைத் தொட முடிந்தது என்றால், பர்னெட்டின் கருதுகோள் இச்சோதனைக்கு இன்றியமையாத முன்நிபந்தனை என்று சொல்வது கடினம்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சாட்சி மெடாவர்தான். பர்னெட்டுக்குரிய கடனை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. அறிவியல் கட்டுரை ஒரு மோசடியா என்று கேட்டு 1963இல் அவர் ஆற்றிய வானொலி உரையும் இருக்கிறது. அச்சிட்ட கட்டுரை, எண்ணம் உண்மையில் நடந்த வழியை மறைக்கிறது. கருதுகோள்தான் முதலில் வருகிறது என்றார். அப்படியானால் நான் அச்சிட்ட முகப்புகளை நம்புவது எப்படி? அவர் கார்ல் பாப்பரின் தத்துவத்தில் ஆழ்ந்த பற்றுக்கொண்டவர். கருதுகோளை முன்னிறுத்தும் கதை அவருக்கு இயல்பாகவே பிடிக்கும். அந்தப் பற்று அவர் நினைவையும் வரிசைப்படுத்தியிருக்கலாம் என்பது என் ஊகம். இதற்கு மேல் அழுத்த எனக்குச் சான்று இல்லை. ஸ்டாக்ஹோமில் அவரிடமும் ஒரு கருதுகோள் இருந்ததே என்பீர்கள். இருந்தது, அது பொய்த்துப்போனது. அந்தப் பொய்ப்பிலிருந்துதான் எல்லாம் கிளைத்தன. பாப்பருக்கே அது கூடுதலாகப் பிடித்திருக்கும்.

1951இல் மெடாவர் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்கு இடம் மாறினார். ஆக்ஸ்ஃபோர்டு நாள்முதல் அவரோடிருந்த பில்லிங்ஹாம் கூடப் போனார். தோல் ஒட்டில் அவர் கை தேர்ந்த கை. மூன்றாமவர் முனைவர் பட்ட மாணவர் லெஸ்லி பிரெண்ட். லோதர் பாரூக் என்ற பெயரில் ஜெர்மனியில் பிறந்த யூதர். 1938 டிசம்பரில் குழந்தைகளைக் காத்த முதல் ரயில்களில் ஒன்றில் இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். பெற்றோரையும் அக்காவையும் நாஜிகள் கொன்றார்கள். 1953 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை இந்த மூவருடையது. அதன் மையச் சோதனையில், சினையாயிருந்த சிபிஏ இனச் சுண்டெலியின் கருக்களில் ஏ இனத்தின் உயிரணுக்களை ஊசியால் செலுத்தினார்கள். அந்த ஈத்தில் பிறந்த ஐந்து குட்டிகள் வளர்ந்த பிறகு அவற்றுக்கு ஏ இனத் தோலை ஒட்டினார்கள். சாதாரண சிபிஏ சுண்டெலி அதைச் சுமார் 11 நாளில் அழித்துவிடும். ஐந்தில் இரண்டு அப்படியே செய்தன, மூன்று ஏற்றுக்கொண்டன. ஏ இனத்துக்கு எதிராகப் பழக்கப்பட்ட நிணநீர்க் கணு அணுக்களை ஏற்பு நிலையில் இருந்த சுண்டெலிக்குள் செலுத்தியபோது ஒட்டு அழிந்தது. மாறியது தோலல்ல, அதை ஏற்ற உடல்தான் என்பதற்கு அது சான்று.

மாட்டு நஞ்சுக்கொடியில் இயற்கை செய்ததை ஊசியால் செய்து பார்த்தது இது. பர்னெட்டின் கோழிக்கருச் சோதனையைவிட ஓவன் விவரித்த கன்றுக்கே இதன் உறவு நெருக்கம். உள்ளே போனது உயிருள்ள, பெருகக்கூடிய அணு. அது உடலில் தங்குகிறது. பர்னெட் தோற்ற இடத்தில் லண்டன் வென்றதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். வேறு காரணங்களையும் நான் விலக்கவில்லை.

நோபெல் பரிசில் தனக்குக் கிடைத்த பணத்தை மெடாவர் பில்லிங்ஹாமோடும் பிரெண்டோடும் பகிர்ந்துகொண்டார். அதற்குள் பில்லிங்ஹாம் 1957இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்துக்குப் போயிருந்தார். பரிசு இருவரைப் பார்த்தது. பணம் மூவரைச் சேர்ந்தது. ஆண்டர்சன், லாம்ப்கின், வில்லியம்ஸ் ஆகியோரின் பெயர்கள் 1953ஆம் ஆண்டுக் கட்டுரையின் முகப்புக்கு வரவில்லை. கேள்வியையும் மாடுகளையும் கொடுத்த ஹியூ டொனால்டின் பெயரோ மூன்று முகப்புகளில் எதிலும் இல்லை.