பேரேட்டுப் பக்கமும் கணினியின் மாறியும்

பாத்திரக் கடையில் அப்பா எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது வியாபாரம் இல்லை. பேரேட்டில் புதுப் பக்கம் திறப்பது. சரக்கின் பெயர், கிலோ கணக்கா உருப்படி கணக்கா, முன் இருப்பு எவ்வளவு, இந்த மூன்றும் எழுதாமல் முதல் வரவு வைக்கக் கூடாது. இதே விதி கணினிக்குள் எப்படி வந்தது என்று தேடிப் படித்ததை இங்கே சொல்கிறேன்.

1968-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நார்மன் நை, டேல் பென்ட், ஹேட்லாய் ஹல் மூவரும் எஸ்.பி.எஸ்.எஸ். என்னும் புள்ளியியல் மென்பொருளை உருவாக்கினார்கள். அதில் வயது, வருமானம் என ஒவ்வொன்றும் ஒரு 'மாறி'. பதில் சொல்லாதவருக்கு 99 என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், அதை 99 வயதுக் கிழவர் என்று சராசரியில் சேர்க்காது.

விவரத்தையும் அதற்குரிய வேலைகளையும் ஒன்றாகக் கட்டும் வழி நார்வேயில் பிறந்தது. ஓஸ்லோவில் டாலும் நிகார்டும் அமைத்த சிமுலா 67 மொழியில், 'கிளாஸ்' என்பது வார்ப்பு அச்சு. அதில் வார்த்தெடுப்பது 'ஆப்ஜெக்ட்'. ஆப்ஜெக்ட் பிறக்கும்போதே கிளாஸில் எழுதிய கட்டளைகள் ஓடும். மாறியை விவரிக்கும் ஆப்ஜெக்ட் என்றால் பெயர், அலகு எல்லாம் அப்போதே நிரப்பிவிடலாம். நிரப்பாமல் விட்ட எண்ணுக்குச் சிமுலா தானாகவே 0 போட்டுக்கொள்ளும்.

அந்த 0-வில் நான் அடிபட்டவன். கடைக்கு முதலில் வாங்கிய கணக்கு மென்பொருள், எண்ணிப் பார்க்காத சரக்குக்கெல்லாம் இருப்பு 0 என்றே காட்டியது. பையன் அதை நம்பிக் குத்துவிளக்குக்கு ஆர்டர் கொடுத்துட்டான். பரண் நிறைய விளக்கு கிடந்தது! இல்லை என்பது வேறு, தெரியாது என்பது வேறு. அந்தப் பெட்டிக்கு இரண்டும் ஒன்றுதான்.

சி மொழி இன்னும் மோசம். அதில் நிரல்கூறுக்குள் மதிப்புக் கொடுக்காமல் விட்ட சாதாரண மாறியில் பழைய குப்பை ஏதாவது கிடக்கும். கேம்பிரிட்ஜில் சிமுலாவோடு பழகிய ஸ்ட்ரௌஸ்ட்ரப், 1979-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சி மொழிக்குக் கிளாஸைக் கொண்டுவந்தார். பின்னாளில் அதுவே சி++ ஆனது. அதில் வந்த 'கன்ஸ்ட்ரக்டர்'தான் அப்பாவின் விதி. அலகு கட்டாயம் என்று அதில் எழுதிவிட்டால், அலகு சொல்லாமல் ஆப்ஜெக்ட் பிறக்கவே பிறக்காது.

இதெல்லாம் கடைக்காரன் கவலை என்று நினைக்க வேண்டாம். 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை அளவுக்கு மீறி நெருங்கித் தொலைந்து போனது. ஒரு மென்பொருள் பவுண்டு-விசை விநாடியில் எழுதிய கணக்கை, இன்னொன்று நியூட்டன்-விநாடி என்று படித்துவிட்டது. சுமார் 4.45 மடங்கு வித்தியாசம். வெறும் எண்ணைப் பார்த்தால் அலகு தெரியுமா?

இப்போது கடையில் இருப்பது வேறு மென்பொருள். கிலோவா உருப்படியா என்று கேட்காமல் அது அடுத்த கட்டத்துக்கு நகராது.