கைத்திறனின் எண்ணும் கைவினைஞரின் பெயரும்

1997-இல் வெளியான 'அல்டிமா ஆன்லைன்' என்னும் கற்பனையுலக இணைய விளையாட்டில் கொல்லு, தச்சு, தையல் ஒவ்வொன்றுக்கும் தனித் திறன் அளவு உண்டு. தொடக்கத்தில் உச்சம் 100. அதை விரைவில் எட்ட விழைந்தோர், தம் நிலைக்குச் சற்றே கடினமானதும் மூலப்பொருள் குறைவாகச் செலவாவதுமான ஒன்றைத் தேர்ந்து, அதையே மீண்டும் மீண்டும் செய்து குவித்தனர். 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டிலும் இரும்புக் குறுவாளை அடுக்கடுக்காக அடித்தே கொல்லுத் திறனை உயர்த்த முடிந்தது. பிந்தைய திருத்தமொன்று, செய்த பொருளின் மதிப்பையும் கணக்கில் கொண்டுவந்தது.

இவ்வுத்திகளைவிட ஆய்வுக்குரியது அல்டிமாவின் இன்னொரு விதி. திறன் உச்சத்தை எட்டியவர், தாம் மிகச் சிறப்பாகச் செய்த பொருளில் தம் பெயரைப் பொறிக்கலாம்.

இந்த உரிமை மெய்யான கைவினையாளர் யாருக்கு வாய்த்தது என்ற வினாவைத் தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் எழுப்பிப் பார்க்கலாம். அங்குள்ள பெருவெம்பு, தோல் வாத்தியங்கள் செய்யும் குடும்பங்களால் அறியப்பட்ட ஊர். செண்டை, மத்தளம், மிருதங்கம் எல்லாம் அங்கு உருவாகின்றன. இத்தொழிலில் மலிவுப் பொருளை எண்ணிக்கையால் பெருக்கித் தேறிவிட இயலாது. மிருதங்கத்தின் வலந்தலைக்குக் கரணை இடுவதையே எடுத்துக்கொள்வோம். சோற்றோடு இரும்புச் சத்துள்ள கல்லின் பொடியைப் பிசைந்து, சிறிது சிறிதாகப் பூசி, ஒவ்வொரு படலத்தையும் கல்லால் தேய்த்து இறுக்க வேண்டும். தோலின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். நூறு வாத்தியம் முடித்தவருக்கும் அடுத்த தோல் புதியதே. தேர்ச்சி கையில் தொடங்கினாலும் செவியில்தான் முடிகிறது. ஆனால், அந்தச் செவியின் தீர்ப்பை வழங்கும் அதிகாரம் செய்தவரிடம் இல்லை, வாசிப்பவரிடமே இருந்தது.

பாலக்காடு மணி ஐயரின் (1912–1981) நாதம் புகழப்பட்ட அளவுக்கு, அவருக்கு மிருதங்கம் செய்த தஞ்சாவூர் பர்லாந்து பேசப்படவில்லை. பாலக்காட்டு வாசிப்புக்குத் தஞ்சாவூர்க் கைகள் ஒலி வடித்த உறவு அது. தலித் கிறித்தவரான பர்லாந்தும் அவரது குடும்பமும் விரிவாகப் பதிவானது, டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020-இல் வெளிவந்தபோதுதான். தோலைத் தொட்டுப் பதப்படுத்தும் வேலை ஒரு சாதிக்கும், பதமான தோலில் விரல் வைக்கும் பெருமை இன்னொரு சாதிக்கும் எனப் பிரிந்த அமைப்பில் இந்தத் தாமதம் தற்செயலாகாது. (கச்சேரியை ஆராய்ந்தவர்கள் பட்டறைக்குள் நுழையத் தயங்கியதும் இதில் சேரும்.)

பாலக்காட்டு மத்தளம் இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ளது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உற்பத்தியாளர் தம்மை அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவுசெய்துகொள்ளலாம். எனினும் குறியீடு காப்பது ஊரின் பெயரை. கரணை தேய்ந்து உதிர, ஒரே கட்டைக்கு மீண்டும் மீண்டும் புதுத் தோல் மூட்டப்படுகிறது. பலர் கைபட்ட அவ்வாத்தியத்தோடு மேடையில் அறிவிக்கப்படுவது வாசிப்பவரின் பெயர் மட்டுமே.