ஒரு டிஸ்க்கில் இரண்டு குடித்தனம்

பீர்க்கன்கரணையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் வடக்கே போனால், தாம்பரம் தாண்டி குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகம். அங்குள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் 2005-ல் கைகோத்த கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் பிறந்தது பாஸ் லினக்ஸ். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் அதுவும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வந்தது. ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் என்றால் நடுவில் சுவர் வேண்டுமே! அதுதான் பார்டிஷன்.

இந்தச் சுவர்களின் கணக்கு 1983-லேயே எழுதப்பட்டுவிட்டது. ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணினியின் 10 எம்.பி. டிஸ்க்கில், முதல் செக்டரிலேயே 64 பைட்டில் ஒரு பட்டியல். நான்கே வரிகள்: எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம். அன்றைக்கு அது தாராளம். டிஸ்க் 2 டெராபைட்டைத் தாண்டினால் அது திணறும், அதற்குத் தீர்வு ஜி.பி.டி.

பெரிய டிஸ்க் வாங்கி, பழையதை அப்படியே குளோன் செய்தால் பட்டியலும் பழைய அளவுகளோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். கூடுதல் இடம் கடைசியில் புறம்போக்காகக் கிடக்கும். முன்பெல்லாம் பெரும்பாலோருக்கு எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடுவதே வழி. 90-களில் பவர்க்வெஸ்டின் பார்டிஷன் மேஜிக் அதை மாற்றியது, ஆனால் காசு. பிறகு ஜிபார்ட்டட் இலவசமாகவே செய்தது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. பகுதியை நீட்ட, ஒட்டினாற்போல காலி இடம் வேண்டும். விண்டோஸுக்கும் காலி இடத்துக்கும் நடுவே பாஸ் இருந்தால் அதை முழுசாக நகர்த்தியாக வேண்டும். மணிக்கணக்கு வேலை. 2012-ல் சென்னைக்கு வெளியே மின்வெட்டும் மணிக்கணக்கில்தான்! பாதியில் பேட்டரியும் தீர்ந்தால், பாஸ் பாதி பழைய இடத்தில், பாதி புது இடத்தில்...