அறுகின் சாறும் இறாலின் நோயும்

முதலாம் இராசேந்திர சோழனது தஞ்சைக் கல்வெட்டு மாநக்கவாரம் என்று குறிப்பது இற்றை நிக்கோபார்த் தீவுகளையே என்பது வரலாற்று ஆசிரியர் துணிபு. கல்வெட்டின் காலம் 1030. அத்தீவுகளின் தலைமையிடமாகிய கார் நிக்கோபாரில் அலுவல் பற்றி வாழும் தமிழராகிய நாம் நாற்புறமும் கடலையே காண்கின்றோம். மீனுக்குக் குறைவில்லாத இவ்விடத்தில், 'மீனுக்கும் இறாலுக்கும் வைத்தியம் எதற்கு?' என்று நேயர்கள் வினவலாம்.

கடலில் பிடிப்பது வேறு, குளத்தில் வளர்ப்பது வேறு. 1990-களில் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. கடன் வாங்கிக் குளம் வெட்டியோர் பலர். 1994 முதல் வெள்ளைப்புள்ளி நோய் பரவிற்று. ஓட்டின்மேல் வெண்புள்ளி தோன்றிய சில நாட்களில் குளம் முழுதும் மடிந்தது. முதலும் உடன் மடிந்தது. நோய்க்குக் காரணம் வைரஸ் என்னும் நச்சுயிர். ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவை அழிக்குமேயன்றி இதனைத் தீண்டா. நம்மைப்போல் எதிர்ப்பொருள் உண்டாக்கும் ஆற்றல் இறாலுக்கு இன்மையால் தடுப்பூசியும் எளிதன்று.

இந்நிலையில் அறிஞர் மூலிகையை நாடினர். வேலூருக்கு அண்மையிலுள்ள மேல்விசாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர் இருபது மூலிகைகளைச் சோதித்தனர். முடிவு 2007-இல் வெளியாயிற்று. அவற்றுள் முன்னின்றது, பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அறுகம்புல்லே! அதன் நீர்ச்சாற்றை 100 கிராம் தீவனத்துக்கு 2 கிராம் வீதம் கலந்து ஊட்டப்பெற்ற இறால்கள் நச்சுயிரை ஏற்றும் பிழைத்தன.

எனினும் மகிழ்ச்சியில் நிதானம் வேண்டும். சோதனைத் தொட்டி வேறு. வெயிலும் மழையும் நண்டும் பறவையும் புகும் குளம் வேறு. பண்ணைத் தொழில் மீண்டும் தலையெடுக்கப் பெரிதும் உதவியது தூய விதை. கடலில் பிடித்த தாய் இறால் நலமுடையது போலத் தோன்றியே குஞ்சுகளுக்கு நோயைத் தரும். ஆதலின் 2009-இல், நோயற்றதாக வளர்த்த வனமி இறாலைக் கொணர அரசு இசைந்தது. வந்தவற்றைத் தனியே வைத்துச் சோதிக்கச் சென்னையில் ஏற்பாடும் செய்தது.

தீவு வாழ்வினருக்கு இதில் படிப்பினை உண்டு. கடல் நமக்கு அரண். ஆயினும் சோதியாத ஒரு பை குஞ்சுகள் அவ்வரணைக் கடந்துவிடும். குளம் வளர்க்க எண்ணுவோர் முதலில் விதையைச் சோதிப்பிக்க. நீரைத் தூய்தாக வைக்க. அறுகினைத் துணையாகக் கொள்க. பாட்டி வைத்தியம் என்று இகழ்தலும் வேண்டா, கைகண்ட மருந்து என்று சோதனைக்கு முன்னரே புகழ்தலும் வேண்டா. சோதித்துத் தெளிதலே நாம் நம் மூலிகைகளுக்குச் செய்யும் மெய்யான மரியாதை.