செக்கும் குதிரைத்திறனும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்கள் கொணர்ந்து இறக்கும் நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்கும் பொருட்டு 1979 முதல் படிப்படியாக எழுந்த அனல்மின் நிலையம், ஒவ்வொன்றும் 210 மெகாவாட் ஆற்றலுள்ள ஐந்து அலகுகளாக, மொத்தம் 1,050 மெகாவாட் திறனுடன் அமைக்கப்பெற்றது. பத்திரிகைகளில் நாம் அடிக்கடி வாசிக்கும் எண்தான் அது. ஆயினும், நாம் அனுபவத்தால் அறிந்த வேறோர் அளவைக்கு மாற்றிப் பார்த்தாலன்றி, அதன் பிரம்மாண்டம் மனத்தில் பதிவதில்லை.

இத்தகைய மாற்றுக் கணக்கின் தேவையை முதலில் உணர்ந்து பயன்படுத்தியவர்களுள் ஜேம்ஸ் வாட் முக்கியமானவர். தம் நீராவி யந்திரத்தை வாங்குவோர், அது எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என்று கேட்பார்களாதலால், பன்னிரண்டடி ஆரமுள்ள வட்டத்தில், 180 பவுண்டு விசையோடு, மணிக்கு 144 முறை ஆலையைச் சுற்றிவரும் குதிரையின் உழைப்பைக் கணித்து, நிமிஷத்திற்கு 33,000 அடி-பவுண்டு என்று அவர் நிர்ணயம் செய்தார். அதுவே குதிரைத்திறன். பிற்காலத்தில், 1882இல், சீமென்ஸ் என்னும் விஞ்ஞானி மின்திறனின் அலகுக்கு வாட்டின் பெயரையே சூட்டவேண்டுமெனப் பிரேரேபித்தார். அக்கணக்கில் ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஐரோப்பாவில் வழங்கிய மெட்ரிக் குதிரைத்திறனோ சுமார் 735 வாட்டே.

சுதேசிக் கப்பல்களும் பஞ்சாலைகளும் நீராவியால் இயங்கிய காலம் போய், 1944இல் பாபநாசத்து நீர்மின்சாரம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தபின்னரும், குதிரைத்திறன் மறையவில்லை. கிணற்று மோட்டாரை வாங்குபவர் இன்றும் "எத்தனை எச்.பி.?" என்றே கேட்கிறார், மின்கட்டணமோ யூனிட் (கிலோவாட்-மணி) கணக்கில் வருகிறது. ஐந்து எச்.பி. மோட்டார் தண்டில் தரும் திறன் 3.73 கிலோவாட், உள்நஷ்டத்தையும் சேர்த்தால், முழுச்சுமையில் ஒரு மணி நேரம் ஓட நான்கு யூனிட்டுக்குச் சற்று அதிகமாகவே செலவாகும்.

இனி, இக்கடற்கரைக்கே உரிய கணக்கொன்று. 1907இல் தூத்துக்குடிக்குச் சுதேசிக் கப்பல்களைக் கொணர்ந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, 1908இல் சிறைப்படுத்தப்பட்டு, கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கவேண்டிய செக்கை இழுக்குமாறு நிர்ப்பந்திக்கப்பட்டார். வாட் கணித்த குதிரையைப் போலவே, அவரும் வட்டமாய்ச் சுற்றினார். நாள் முழுதும் இடைவிடாது உழைக்கும் மனிதனின் திறன் சுமார் 75 வாட், அதாவது குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கே. ஆகவே, நாம் அலட்சியமாய்ச் செலவிடும் ஒரு யூனிட், ஒரு மனிதன் பதின்மூன்று மணி நேரத்திற்கு மேல் ஓயாது செக்கிழுக்கும் உழைப்புக்குச் சமம். 1,050 மெகாவாட் என்பதோ ஏறக்குறைய பதினான்கு லட்சம் குதிரைத்திறன், அதாவது ஒருகோடியே நாற்பது லட்சம் மனிதர்களின் ஏககால உழைப்பு.

2011இல் தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் சிதம்பரம் பிள்ளையின் பெயர் சூட்டப்பட்டது. 746 என்னும் எண்ணைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், இந்தக் கணக்கையும் மாணவர் கையாலேயே ஒருமுறை போடுவிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.