பிலாட்டிஸா, ஏரோபிக்ஸா? இளம் பெண்களுக்கு எது பொருத்தம்?

பிலாட்டிஸ், ஏரோபிக்ஸ் இரண்டில் எது சிறந்தது என்பதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. இரண்டும் உடலுக்குத் தருவது வேறு வேறு பலன்கள்.

பிலாட்டிஸ் முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டிஸ் 1883 இல் ஜேர்மனியில் பிறந்தவர். முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியர் அவரை மான் தீவு முகாமில் தடுத்து வைத்தனர். இப்பயிற்சி வளர்ந்ததில் அந்த முகாம் வாழ்வுக்கும் பங்குண்டு. பாயில் படுத்தும் இருந்தும், மூச்சைக் கவனித்து மெதுவாகச் செய்வது இது. வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகள் வலுப்பெறும். உடல் வளையும் தன்மையும் சமநிலையும் கூடும்.

ஏரோபிக்ஸ் என்ற சொல்லைப் பரவலாக்கியது, அமெரிக்க விமானப்படை வைத்தியராக இருந்த கென்னத் கூப்பரின் 1968 ஆம் ஆண்டு நூல். வேகநடை, சைக்கிள், நீச்சல், கயிறடித்தல், நடனம் எல்லாம் இதற்குள் அடங்கும். இதயமும் நுரையீரலும் பலன் பெறும். களைப்பின்றி நீண்டநேரம் இயங்கலாம்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான ஏரோபிக் பயிற்சியும், குறைந்தது 2 நாள் தசை வலுவூட்டலும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெதுவாகச் செய்யும் பிலாட்டிஸ் முதலாவதை ஈடுசெய்யாது. நடை மட்டும் இரண்டாவதை ஈடுசெய்யாது. எனவே 5 நாள் அரைமணி நேர வேகநடை, 2 நாள் பிலாட்டிஸ் என்பது நல்ல தொடக்கம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம்.

நாள் முழுதும் தையல் இயந்திரத்தின்முன் குனிந்திருக்கும் பெண்களுக்கு முதுகுத் தசைப் பயிற்சி கூடுதலாக உதவும். உடலில் எறிகணைச் சிதறல் உள்ளவர்களும், முள்ளந்தண்டில் காயமடைந்தவர்களும், அவயவம் இழந்தவர்களும் வைத்தியரையோ இயன்மருத்துவரையோ கேட்டபின் தொடங்குவதே பாதுகாப்பு. காயம்பட்ட உடலுக்கும் பயிற்சி உரியதே; அளவும் முறையும்தான் மாறும்.